எப் செய்யத் தெரிந்த பிள்ளைக்கு, சாவியைக் காக்கவும் சொல்லிக்கொடுப்போம்

பதிவு கொஞ்சம் நீளம். தெமட்டகொடையிலும் சுற்றுவட்டாரத்திலும் பள்ளிவாசல் நிர்வாகத்தில், ஜனாஸா சங்கத்தில், பழைய மாணவர் சங்கத்தில் இருப்பவர்களும் டியூட்டரி நடத்துபவர்களும் கடைசிவரை வாசித்துவிடுங்கள். கம்பியூட்டர் தெரியாதவருக்கும் விளங்கும்படிதான் எழுதுகிறோம்.

இப்போது எல்லோரும் எப் கேட்கிறார்கள். ஸகாத் பட்டியலுக்கு ஒன்று. சந்தாக் கணக்குக்கு ஒன்று. டியூட்டரிக்கு வரும் பிள்ளைகளின் வரவுக்கு ஒன்று. இரத்த தானம் செய்பவர்களின் பட்டியலுக்கு இன்னொன்று. "உங்களிட்டப் படிக்கிற புள்ள யாரும் இருந்தா சொல்லுங்கோ சேர், சும்மா செஞ்சி தருவாங்கதானே" என்று ஐசிடி ஆசிரியர்களான எங்களிடம் கேட்பது வழமையாகிவிட்டது. பிள்ளைகளும் செய்துவிடுகிறார்கள். இரண்டு மூன்று இரவு கண்விழிப்பு, நாலைந்து யூடியூப் வீடியோ, கொஞ்சம் சட்ஜிபிடி. மாஷா அல்லாஹ், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் எப் தயார். இது எங்களுக்குப் பெருமைதான். பதினெட்டு வயதில் இதைச் செய்யும் பிள்ளையை யாரும் குறை சொல்லிவிட முடியாது.

ஆனால் அந்த எப்புக்குள் ஒரு வரி இருக்கிறது. அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எப்பைக் கிளவுடில் இருக்கும் தரவுத்தளத்தோடு இணைக்கும் அந்த ஒரு வரி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டு அறியாமல், எந்தச் சங்கமும் மக்களின் பெயர்களை அதற்குள் போடக் கூடாது. பாடசாலையிலும், இணைக்கச் சொல்லிக்கொடுக்கும் அதே பாடவேளையில் அந்த இணைப்பின் சாவியைக் காக்கவும் சொல்லிக்கொடுக்க வேண்டும். அடுத்த தவணைக்கு, அடுத்த வருடத்துக்கு என்று தள்ளிப்போட வேண்டிய விடயம் அல்ல இது.

அந்த வரி என்ன?

உங்கள் போனில் தெரியும் எப் வெறும் முகம். பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், கொடுத்த தொகை எல்லாம் இருப்பது வேறெங்கோ, சிங்கப்பூரிலோ மும்பாயிலோ ஒரு பெரிய நிறுவனத்தின் கம்பியூட்டரில். மொங்கோடிபி அட்லஸ், பயர்பேஸ், சுபாபேஸ் என்று பிள்ளைகள் சொல்வது இவற்றைத்தான். சிறிய அளவுக்கு இலவசம். எப் அங்கே போய்த் தகவலை எடுத்துவர வேண்டுமென்றால் வாசலில் மூன்று விடயம் சொல்ல வேண்டும்: நான் யார், என் கடவுச்சொல் என்ன, எந்த வீட்டுக்கு வந்திருக்கிறேன். மொங்கோடிபியில் இந்த மூன்றையும் ஒரே வரியில் ஒட்டி எழுதலாம். பயனர் பெயர், ஒரு முக்காற்புள்ளி, கடவுச்சொல், ஓர் அட் குறி, பிறகு முகவரி. யூடியூப்பில் சொல்லித்தருபவர் அதை அப்படியே கோட்டுக்குள் எழுதிக் காட்டுவார். பிள்ளையும் அப்படியே எழுதும். எப் வேலை செய்யும். எல்லோரும் சந்தோஷம்.

அதாவது வீட்டு முகவரியும் சாவியும் ஒரே கடதாசியில். அந்தக் கடதாசி பிள்ளையின் லெப்டொப்புக்குள் மட்டும் கிடந்தால் கவலை குறைவு. அது அங்கே நிற்பதில்லை. செய்ததை மற்றவர்களுக்குக் காட்ட வேண்டும், நாளைக்கு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இணைக்க வேண்டும் என்று பிள்ளை கோட்டை கிட்ஹப்பில் போடும். பொதுவில் போட்டால் உலகத்தில் யாரும் பார்க்கலாம். அங்கே இப்படிப்பட்ட வரிகளைத் தேடுவதற்கென்றே எழுதப்பட்ட தானியங்கி நிரல்கள் இரவு பகலாக ஓடுகின்றன. தேடுபவனுக்கு உங்கள் பள்ளிவாசலின் பெயர் தெரிந்திருக்கத் தேவையில்லை. திறந்த கதவு எது என்று மட்டும் பார்ப்பான்.

"பிழை விளங்கினதும் அழிச்சிட்டோம் சேர்" என்பார்கள். கிட் என்பது பழைய பக்கத்தைக் கிழிக்காத கொப்பி. இன்றைய பக்கத்தில் அழித்தாலும் நேற்றைய பக்கம் உள்ளே இருக்கும். ஆகவே சாவி வெளியே போய்விட்டால் முதலில் செய்ய வேண்டியது பூட்டையே மாற்றுவது, அதாவது தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை உடனே மாற்றுவது. கோட்டை அழிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

"இது பொடியன்மார் விடுற பிழை, பெரிய கம்பனிகள்ல நடக்காது" என்று நினைக்க வேண்டாம். கொழும்பில் நாம் தினமும் பிடிக்கும் ஊபரை எடுத்துக்கொள்ளுங்கள். 2016இல் அந்த நிறுவனத்தின் பொறியியலாளர்கள் கிட்ஹப்பில் வைத்திருந்த கோட்டுக்குள் கிளவுடுக்கான சாவி இருந்தது. கோட் இருந்த இடம் பொதுவில் திறந்ததுகூட இல்லை. அதற்குள்ளும் புகுந்து சாவியை எடுத்தவர்கள் 5 கோடி 70 இலட்சம் பயணிகள், சாரதிகளின் தகவலை அள்ளினார்கள். நிறுவனம் அவர்களுக்கு ஒரு இலட்சம் டொலர் கொடுத்து வாயை மூடியது. உலகத்துக்குத் தெரிய வந்தது 2017 நவம்பரில்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆயிரக்கணக்கான பாடசாலைகள் பயன்படுத்தும் பவர்ஸ்கூல் என்ற மென்பொருளுக்கு 2024 டிசம்பரில் நடந்தது எங்கள் தொழிலுக்கு இன்னும் நெருக்கமானது. திருடப்பட்ட ஒரு கடவுச்சொல் போதுமாக இருந்தது. கோடிக்கணக்கான மாணவர்களின் விபரங்கள் போயின. நிறுவனம் கப்பம் கொடுத்தது. அப்படியும் சில மாதங்களில் பாடசாலை நிர்வாகங்களுக்கு மிரட்டல் வரத் தொடங்கியது. குற்றத்தை ஒப்புக்கொண்டவர் 19 வயதுக் கல்லூரி மாணவர். கோட் எழுதத் தெரிந்த ஒரு பிள்ளை எந்தப் பக்கம் போகலாம் என்பதற்கும் இதுவே உதாரணம்.

சாவியே இல்லாமல் கதவு திறந்து கிடப்பதும் உண்டு. பயர்பேஸில் புதிதாக ஒரு தரவுத்தளம் தொடங்கும்போது டெஸ்ட் மோட் என்று ஒரு தெரிவு வரும். அதை எடுத்தால் 30 நாளைக்கு யாரும் வாசிக்கலாம், யாரும் எழுதலாம். பழகுவதற்காகக் கொடுத்த வசதி அது. 30 நாள் முடிந்ததும் எப் நின்றுவிடும். பிள்ளை இணையத்தில் தேடும். யாரோ எழுதிவைத்த பதிலைப் பார்த்து அந்தத் திகதியைத் தூரத்துக்கு மாற்றிவிடும். எப் மறுபடி ஓடும், கதவும் திறந்தே கிடக்கும். 2025 ஜூலையில் டீ என்ற அமெரிக்க எப்பில், பெண்கள் தங்களை உறுதிப்படுத்தக் கொடுத்த செல்பிகளும் அடையாள அட்டைப் படங்களுமாகச் சுமார் 13,000 படங்கள் வெளியே வந்தன. மொத்தமாக 72,000 படங்கள். அவை பூட்டில்லாத ஒரு பயர்பேஸ் களஞ்சியத்தில் கிடந்தன. பெண்களின் பாதுகாப்புக்கென்றே செய்யப்பட்ட எப் அது!

மொங்கோடிபி அட்லஸில் இன்னொரு பூட்டு உண்டு. எந்த இணைய முகவரியிலிருந்து வருபவர்களை உள்ளே விடுவது என்று கேட்கும். வீட்டு வைபையிலிருந்து போன் டேட்டாவுக்கு மாறினாலே முகவரி மாறிவிடும், இணைப்பு நின்றுவிடும். ஆகவே பிள்ளைகள் 0.0.0.0/0 என்று கொடுத்துவிடுகிறார்கள். உலகம் முழுவதும் வரலாம் என்று அர்த்தம். சில இலவச ஹோஸ்டிங்கில் வேறு வழியில்லாமல் அப்படிக் கொடுக்கத்தான் வேண்டியும் வரும். அப்படியானால் மிச்சம் இருக்கும் ஒரே பூட்டு கடவுச்சொல் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கடவுச்சொல்லும் கோட்டுக்குள் இருந்தால் பிறகு என்ன மிச்சம்?

இவ்வளவும் தொழினுட்பம். எங்களை உறங்கவிடாதது அதற்குள் போகும் பெயர்கள்தான்.

ஸகாத் பட்டியலில் யார் இருக்கிறார்? கணவனை இழந்த ஒரு ராத்தா. கிட்னி நோயாளி. கடையை மூடிவிட்டுக் கடன்காரருக்குப் பயந்து வீட்டுக்குள் இருக்கும் ஒரு நானா. அடுத்த வீட்டுக்குத் தெரியாமல், நிர்வாகத்தில் இருக்கும் ஒருவரை மட்டும் நம்பிச் சொன்னவர்கள் இவர்கள். கொடுப்பதை மறைத்துக் கொடுக்கச் சொல்லி வளர்ந்த சமூகம் நாம். அந்தப் பெயர்களையும், வருமானத்தையும், நோயையும், போன் இலக்கத்தையும் ஒரு திறந்த வாசலில் வைத்துவிட்டு "எங்கட வேலை இப்ப டிஜிட்டல்" என்று போஸ்ட் போடலாமா? வாங்கிய தகவல் அமானிதம். பணத்தைப் போலத்தான் அதுவும்.

டியூட்டரிப் பட்டியலில் பெண் பிள்ளைகளின் பெயர், படம், வீட்டு முகவரி, வகுப்பு முடியும் நேரம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது. இது யார் கையில் கிடைத்தால் என்ன நடக்கும் என்று பெற்றோருக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

பட்டியல் என்றால் என்ன என்று கொழும்பில் வாழும் நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1983 ஜூலையில் பொரளை கனத்தையில் தொடங்கிய நெருப்பு தெமட்டகொடை, வெள்ளவத்தை என்று பரவியபோது, கும்பல்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர்களின் வீடுகளைத் தேடிப் போயின. அது பதிவான வரலாறு. அந்த இடாப்பு தீமைக்காகத் தயாரிக்கப்பட்டதல்ல. வாக்களிப்பதற்காகத் தயாரிக்கப்பட்டது. ஒரு நல்ல காரியத்துக்காக எழுதிய பட்டியல் வேறொருவர் கைக்குப் போனதும் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட உதாரணம் தேவையில்லை. 2019க்குப் பிறகு நம்முடைய பெயர்களும் எப்படிப் பார்க்கப்பட்டன என்பதை தெமட்டகொடையில் இருப்பவர்களுக்கு நினைவூட்டவும் தேவையில்லை.

"அப்போ கொப்பியிலேயே எழுதுவோமே" என்று சிலர் சொல்வார்கள். அதுவும் சரியான பதில் அல்ல. 2016 மே மாத வெள்ளத்தில் வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் வீடுகள் கூரை வரை மூழ்கின. அலுமாரியில் இருந்த கொப்பி தப்பியிருக்குமா? கொப்பியைத் தூக்கிக்கொண்டு போகலாம், போட்டோ எடுத்து வட்ஸ்அப்பில் போடலாம், யார் பார்த்தார் என்ற கணக்கே இருக்காது. ஒழுங்காகச் செய்த கிளவுட் தரவுத்தளம் கொப்பியைவிடப் பாதுகாப்பானது. நிவாரணம் இரண்டு முறை ஒரே வீட்டுக்குப் போகாமலும், ஒரு வீடு விடுபடாமலும் பார்த்துக்கொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. ஆகவே எப் வேண்டாம் என்று சொல்வது எங்கள் நோக்கம் அல்ல. ஒழுங்காகச் செய்யுங்கள் என்பதுதான்.

"கிளவுட்ல இருந்தா அழியாதுதானே?" இதுவும் அடிக்கடி வரும் கேள்வி. நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. 2021 ஜூலையில் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் தரவுகள் அரசின் கிளவுடிலிருந்து அழிந்துபோய், விடயம் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் வரை போனது. 2023இல் அதே லங்கா கவர்ன்மென்ட் கிளவுடில் ரென்சம்வெயார் தாக்குதல். சுமார் 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களுக்குப் பக்கப் இல்லை. போனது போனதுதான். அரசாங்கத்துக்கே இந்த நிலை என்றால், ஒரு மாணவனின் இலவசக் கணக்குக்கு என்ன உத்தரவாதம்?

இலவசம் என்பதற்கும் நிபந்தனை உண்டு. அட்லஸின் இலவசத் திட்டத்தில் 512 எம்பி இடம் கிடைக்கும், பக்கப் வசதி கிடைக்காது. சுபாபேஸின் இலவசத் திட்டத்தில் ஒரு வாரம் யாரும் பயன்படுத்தாவிட்டால் தரவுத்தளத்தை நிறுத்தி வைத்துவிடுவார்கள். நம்முடைய ஸகாத் எப் எப்போது திறக்கப்படும்? ஒரு ரமழானில் திறந்து அடுத்த ரமழானில்தான். இதைத் தெரியாமல் போட்டால், தேவைப்படும் நாளில் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்.

இனி பாடசாலை. உயர்தர ஐசிடியில் பைதனிலிருந்தும் பிஎச்பியிலிருந்தும் தரவுத்தளத்தை இணைக்கும் பகுதி இருக்கிறது. பழகும்போது தரவுத்தளம் அதே கம்பியூட்டரில் இருக்கும். பயனர் பெயர் ரூட், கடவுச்சொல் வெறுமை. செம்ப் மென்பொருள் அப்படித்தான் வரும். பரீட்சைக்கு அது போதும். வகுப்பறைக்குள் அதில் ஆபத்தும் இல்லை. ஆனால் அதே பிள்ளை அதே பழக்கத்தோடு கிளவுடுக்குப் போகிறது. வீட்டு முற்றத்தில் சைக்கிள் ஓடப் பழகியவரை நேராக பேஸ்லைன் வீதியில் இறக்கிவிட்ட மாதிரி. கை பழகிவிட்டது, வீதி ஒழுங்கு தெரியாது.

இதற்குப் பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பாடவேளை போதும். எங்கள் வகுப்புகளில் இணைப்பு வரியைப் படிப்பிக்கும் அன்றே கடவுச்சொல்லைத் தனிக் கோப்பில் வைக்கச் சொல்கிறோம். டொட் என்வ் என்று அந்தக் கோப்புக்குப் பெயர். கோட் அந்தக் கோப்பிலிருந்து சாவியை எடுத்துக்கொள்ளும். கிட் இக்னோர் என்ற பட்டியலில் அதன் பெயரை எழுதிவிட்டால் கிட்ஹப்புக்குப் போகாது. ஹோஸ்டிங்கில் போடும்போது அங்குள்ள அமைப்புப் பக்கத்தில் சாவியைத் தனியாகக் கொடுக்கலாம். மொத்தமே ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாத கோட்டுக்குப் புள்ளி இல்லை என்று சொன்னால் பிள்ளை ஒருமுறையோடு பழகிவிடும். மற்றப் பாடசாலை ஆசிரியர்களிடமும் நாங்கள் கேட்பது இதைத்தான்.

நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு ஐந்து கேள்விகள் தருகிறோம். எப் செய்து தரும் பிள்ளையிடம் அன்பாகக் கேளுங்கள். பதில் விளங்காவிட்டால் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. தரவுத்தளத்தின் கடவுச்சொல் கோட்டுக்குள் எழுதப்பட்டிருக்கிறதா, தனியாக இருக்கிறதா? கோட் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது?

2. போனில் இருக்கும் எப் நேராகத் தரவுத்தளத்தோடு பேசுகிறதா? போனுக்குள் வைத்த இரகசியம் இரகசியமே இல்லை. எப்பைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் எடுத்துவிடுவார்கள். நடுவில் ஒரு சேர்வர் இருக்க வேண்டும். பயர்பேஸ், சுபாபேஸ் போன்றவற்றில் எப் நேராகப் பேசலாம், ஆனால் யார் எந்த வரியைப் பார்க்கலாம் என்ற விதிகளை எழுதியிருக்க வேண்டும். எழுதியிருக்கிறாயா மகன் என்று கேளுங்கள். லொக்இன் செய்யாமல் பார்க்க முடிகிறதா என்று உங்கள் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள்.

3. எப் எந்த உரிமையோடு உள்ளே போகிறது? எல்லாவற்றையும் அழிக்கக்கூடிய அட்மின் கணக்கை எப்புக்குக் கொடுக்கக் கூடாது. சந்தா எழுதும் எப்புக்குச் சந்தாவை வாசிக்கவும் எழுதவும் மட்டும் உரிமை போதும்.

4. பக்கப் எங்கே? மாதம் ஒருமுறையாவது பட்டியலை இறக்கி, பூட்டிய ஒரு பென்டிரைவில் வைப்பது யாருடைய பொறுப்பு? அதிலிருந்து மீட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

5. கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறது? பிள்ளையின் சொந்த ஜிமெயிலில் இருந்தால், அவர் நாளைக்குக் கட்டாருக்கோ மலேசியாவுக்கோ போய்விட்டால், சாவியும் விமானம் ஏறிவிடும். சங்கத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் திறந்து, இரண்டு பேர் பொறுப்பாக இருங்கள்.

இந்த ஐந்துக்கும் முன்னால் நிர்வாகம் தன்னையே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இவ்வளவு தகவல் எதற்கு? உலர் உணவுப் பொதி கொடுக்க ஓர் உம்மாவின் அடையாள அட்டைப் படமும் பிள்ளைகளின் பிறந்த திகதியும் ஏன் தேவை? வாங்காத தகவல் எந்தக் கிளவுடிலிருந்தும் கசியாது. வேலை முடிந்ததும் பழைய பட்டியலை அழிக்கவும் வேண்டும்.

சட்டமும் வந்துகொண்டிருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத நம்பிக்கை, உடல்நலம், பிள்ளைகள் பற்றிய தகவல்களை விசேட வகையாகப் பார்க்கிறது. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து பிற்போடப்பட்டன. பிற்போட்டார்கள் என்பதற்காக நாமும் பிற்போட வேண்டுமா? நம்முடைய பட்டியல்களைப் பாருங்கள். பள்ளிவாசல் பட்டியலில் மதம், ஸகாத் பட்டியலில் நோய், டியூட்டரிப் பட்டியலில் பிள்ளை. சட்டம் கவலைப்படும் மூன்றும் நம் கையில்தான் இருக்கின்றன.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. சும்மா செய்து தருகிறீர்கள், அல்லாஹ் கூலி தருவான். ஆனால் "சும்மாதானே" என்று சாவியை விட்டுவிட வேண்டாம். உங்களிடம் வேலை வாங்குபவர்களுக்கு எதைக் கேட்பது என்று தெரியாது. ஆகவே கேட்காமலேயே நீங்கள் சொல்ல வேண்டும். "அங்கிள், இதை ஒழுங்காச் செய்ய இன்னும் ரெண்டு நாள் வேணும்" என்று சொல்லிப் பழகுங்கள். உலகத்தில் எந்த நிறுவனத்துக்கு வேலைக்குப் போனாலும் மதிக்கப்படும் பழக்கம் அது. பெரியவர்களே, அந்த இரண்டு நாளைக் கொடுங்கள். முடிந்தால் வருடத்துக்கு ஒரு சிறு தொகை ஒதுக்கிப் பக்கப் வசதியுள்ள திட்டத்தையும் எடுத்துக்கொடுங்கள். பள்ளிவாசல் கதவுக்கு நல்ல பூட்டு வாங்க நாம் யாரும் கணக்குப் பார்ப்பதில்லையே.

ஏற்கெனவே ஓர் எப் ஓடிக்கொண்டிருந்தால் பதற வேண்டாம். இன்றிரவே கடவுச்சொல்லை மாற்றுங்கள், கோட்டிலிருந்து வெளியே எடுங்கள், விதிகளைச் சரிபாருங்கள். விளங்காத இடம் இருந்தால் கீழே கேளுங்கள். ஆனால் உங்கள் கோட்டையோ சாவி தெரியும் ஸ்கிரீன்ஷொட்டையோ கொமென்டில் போட்டுவிட வேண்டாம். கேள்வியை மட்டும் எழுதுங்கள். தெரிந்த ஆசிரியர்கள் நாங்கள் இருக்கிறோம், பதில் சொல்வோம், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் ஜமாஅத்தில், சங்கத்தில் யார் பட்டியலைப் பார்த்துக்கொள்கிறாரோ அவருக்கு இதை அனுப்பிவிடுங்கள்.